சுத்தமான கழிவு

"இதப் பாத்தா யாராவது கழிவு ஆசிட்னு சொல்வாங்களா?"

சோதனைக் குடுவையை மனைவியின் மூக்குக்கு நேரே நீட்டினான் அவன். அவர்களுடைய படிகார ஆலையில் ஆய்வுக்கூடம் அவள் பொறுப்பு.

"மூக்குல ஊத்திடாதீங்க. நானும் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு."

"அதான் இடிக்குது. அண்ணன் அனுப்புறது எப்பவும் பழுப்பா, சேறு மாதிரி வரும். இப்ப கொஞ்ச நாளா கண்ணாடி மாதிரி வருது. எதையோ கலக்குறான்."

அப்பா விட்டுப்போன ஆலையை அண்ணனும் தம்பியும் நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனுக்குச் சாய ஆலை, தம்பிக்குப் படிகாரம். அதோடு பேச்சு நின்றது. சுவரைத் துளைத்துப் போகும் குழாய் மட்டும் நிற்கவில்லை. சாயவேலையில் மிஞ்சும் அமிலத்தை அண்ணன் எங்கேயாவது தள்ளியாக வேண்டும். அது வந்தால்தான் தம்பிக்குப் பிழைப்பு. புது அமிலம் வாங்கிப் படிகாரம் செய்தால் கட்டுப்படியாகாது.

"சோதிச்சாச்சு, ஒண்ணும் கலக்கல" என்றாள் அவள். "இப்பல்லாம் அந்தச் சாய நாத்தம்கூட அடிக்கிறதில்ல. மனுஷன் திருந்திட்டார்னு வச்சுக்கங்களேன்."

"அவனா? பாகம் பிரிக்கிறப்ப ஒரு ஓட்டை ஏணிக்கு என்கூட மல்லுக்கு நின்னவன்."

"ரெண்டு பேரும்தான் நின்னீங்க."

"இன்னொண்ணு கேளு. அவன் கேட்டுக்குள்ள டாங்கர் லாரி நிறைஞ்சு போகுது, காலியா வருது. சரக்கு ஏத்திக்கிட்டு ஒரு வண்டிகூட வெளிய வரல. உன் சோதனைல சிக்காத எதையோ நம்ம தலையில கட்டுறான். குடிதண்ணி சுத்தம் பண்ற படிகாரம் இது. ஒரு தடவை கெட்டாப் போதும், ஆலைய இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்."

அவள் குடுவையை வாங்கி வைத்தாள். "நேராப் போய்க் கேட்டுடுங்க."

பிரிந்த பிறகு முதல் தடவையாக அண்ணனின் ஆலைக்குள் நுழைந்தான். காவலாளியைக் காணோம். சாயத் தொட்டிகள் காய்ந்து கிடந்தன. கொதிகலன் கதவில் சிலந்தி வலை. ஆலையை மூடிப் பல நாளாகியிருக்க வேண்டும்.

சுவரோரம் மட்டும் ஒரு டாங்கர் லாரி நின்றது. அதன் முதுகில் புது ஆசிட் விற்கும் கம்பெனியின் பெயர். லாரியின் ரப்பர்க் குழாயைத் தம்பியின் பக்கம் போகும் குழாயோடு தன் கையாலேயே மாட்டிக்கொண்டிருந்தான் அண்ணன்.

சண்டைக்கு வந்தவன் லாரியின் பக்கத்தில் போய் நின்றான். அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். உடனே முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டான்.

"என்னடா, கழிவு நேரத்துக்கு வரலையா?"