நடுக்குளத்தில் ஒரு மேடு

வற்றிக் கிடந்த குளத்தை டிரோன் பறக்கவிட்டு அளந்தவன் வேதமுத்து. அளவுகள் பிரமிளாவின் கணினிக்கு வந்தபோது அவன் ஓமனுக்குப் போய்விட்டிருந்தான், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல். அவள் கணக்குப் போடும் மென்பொருளின் திரையில் சின்னச் சின்னப் பெட்டிகளை வயர் போன்ற கோடுகளால் இணைத்தாள். ஒவ்வொரு சமஉயரக் கோட்டுக்குள்ளும் எவ்வளவு பரப்பு, குளம் எவ்வளவு தண்ணீர் கொள்ளும் என்று எண்கள் ஓடின. நடுக்குளத்தில் மட்டும் ஆளுயரத்துக்கு ஒரு மேடு. எட்டிப் பார்த்த மேலாளர் சிரித்தார். "அந்த ஆளு குளத்துக்குள்ளயே நின்னு டிரோனை ஓட்டியிருக்கான்மா. சாஃப்ட்வேர் அவனையும் மண்ணுன்னு நெனைச்சிடுச்சு. அழிச்சிட்டு, முழுசா நிரப்பி அனுப்பு." அவர் நகர்ந்ததும் மேட்டை மட்டும் பிரித்துக் கணக்கிட்டாள். ஐந்து குடம் தண்ணீர் நிற்கும் இடம். அதன் ஒரு பக்கம் லேசாகப் புடைத்திருந்தது, ரிமோட்டைப் பிடித்த முழங்கையாக இருக்கலாம். அந்த இடத்தில் விரலை வைத்தாள். பிறகு மேட்டை அழிக்காமலே நீர்மட்டத்தை உயர்த்தினாள். நீலம் முழங்கால், இடுப்பு, மார்பு என்று ஏறிக் கழுத்தருகே நின்றது. "என்னம்மா, இன்னும் நிரம்பலையா?" என்றார் மேலாளர். திரையிலிருந்து கண்ணெடுக்காமல் அவள் சொன்னாள்: "அவருக்கு நீச்சல் தெரியாது சார்."