திட்டு வாங்கிய கூடு

பனை ஓலையில் கூடு பின்னிக்கொண்டிருந்த ஆண் தூக்கணாங்குருவிக்கு, அரைகுறை வேலையை யாருக்கும் காட்டப் பிடிக்காது. பெருமழை வருமுன் ஒரு பெட்டை வந்து குடியேறாவிட்டால் அந்தப் பருவமே வீண். இருந்தும் அது நீண்ட வாசல்குழல்வரை பின்னி முடித்த பிறகுதான் சிறகடித்து அழைத்தது.

பெட்டை ஒன்று வந்து உள்ளே புகுந்து பார்த்தது.

"அழகாத்தான் இருக்கு. ஆனா மேற்குக் காற்று நேரா உள்ளே வருதே! முட்டை உருண்டுடாதா?"

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீ முன்னாடி எங்கேய்யா கூப்பிட்டே?" என்று பெட்டை பறந்துவிட்டது.

குருவி எட்டிப் பார்த்தது. அடுத்த ஓலையில் அண்டைக்குருவியின் கூடு பாதி வேலையில், வெறும் கூரையாகத் தொங்கியது. அதே பெட்டை அதையும் அலகால் இழுத்துப் பார்த்து, "இங்கேயும் காற்றா? உங்களுக்கெல்லாம் கண்ணே இல்லையா?" என்று கத்தியது. அண்டைக்குருவி உடனே நான்கு நாரைப் பிரித்து, வாசல் வரும் இடத்தை மறுபக்கம் திருப்பியது. பெட்டை அங்கேயே தங்கிவிட்டது.

வானம் இருண்டுகொண்டு வந்தது. குருவி கிழக்கு ஓலைக்குப் போய் புதுக் கூட்டுக்கு ஒரே ஒரு வளையம் பின்னியது. கூரையைத் தொடங்குமுன்பே சிறகடித்துக் கூவியது:

"யாராவது வந்து திட்டிட்டுப் போங்களேன்!"