மூன்று விரல் அகலம்

“இடத்தோட நீளம் மில்லிமீட்டர் பிசகாம சரியா இருக்கு. அப்புறம் சுவர் மட்டும் எப்படித் தப்பா இருக்கும்?”

ஜரீனா கையிலிருந்த பழைய வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“சுவர் தப்பு இல்லம்மா. எங்க அத்தா காலத்துல இருந்து அங்கதான் நிக்குது. நடந்து போகுமா என்ன?” என்றார் அப்துல் அலீம்.

சிங்கப்பூரில், தேக்கா சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது அவருடைய பரோட்டாக் கடை. அடுத்த கடையை வாங்கிய ரகுபதி அதைப் புதுப்பிக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அவருக்காக எல்லையை அளந்து கொடுத்தவள், பதிவு பெற்ற நில அளவையாளரான ஜரீனா. அவள் கணக்குப்படி, அலீமின் சுவர் முன்பக்கத்தில் மூன்று விரல் அகலம் ரகுபதியின் இடத்துக்குள் இருந்தது. அந்த முனையை ஒட்டித்தான் அலீமின் பரோட்டாக் கல். அடுத்த வாரம் சுவரை உடைத்தால், கடையை மூட வேண்டியதுதான்.

அதற்குள் தணிக்கை வந்துவிட்டது. அளவையாளர்கள் கொடுக்கும் வேலைகளில் சிலவற்றை எடுத்து, அரசாங்கம் நேரில் வந்து மறுபடியும் அளந்து பார்க்கும். இந்த முறை சிக்கியது ஜரீனாவின் வேலை. அளக்க வந்த அதிகாரி சரத், முக்காலியை விரித்துக் கருவியைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

“ஆறாம் வகுப்புல பி.எஸ்.எல்.இ. பரீட்சை ரிசல்ட்டுக்கு நின்ன மாதிரி இருக்கு, மிஸ்டர் சரத்,” என்றாள் ஜரீனா.

“எனக்கும் அப்படித்தான். நான் அளக்கிறதையும் ஒருத்தர் செக் பண்ணுவாங்க,” என்று சிரித்தார் சரத்.

அலீம் குரலைத் தாழ்த்தினார். “நான் சொல்றதக் கேளுங்க. அந்த ரகுபதிதான் ஆள் வெச்சு ஆணியை நகர்த்திட்டாரு.”

இரண்டு கடைகளுக்கும் முன்னால், ஐந்தடி நடைபாதையின் பளபளத்த தரையில் இருந்தது அந்த எல்லை ஆணி. அதன் மேல் அலீம் ஒரு சிவப்பு ஸ்டூலைப் போட்டு வைத்திருந்தார்.

“நீங்கதான் ஸ்டூல் போட்டுக் காவல் காக்குறீங்களே மாமா, எப்படி நகர்த்துவாங்க?” என்றாள் ஜரீனா.

“அதான் எனக்கும் புரியலலா. கவர்மெண்ட் ஆணி. ஒருத்தரையும் மிதிக்க விட்டதில்ல.”

சரத் அளவு நாடாவை எடுத்தார். “பாய், இதோட ஒரு முனையைக் கொண்டுபோய், பின்சந்துல இருக்கிற இன்னொரு எல்லை ஆணி மேல வெச்சுப் பிடிங்க.”

அலீம் கடைக்குள் புகுந்து பின்பக்கம் போனார். முன்னாலிருந்த ஆணியில் நாடாவை இழுத்து வைத்தார் சரத்.

“என்ன நீளம், ஜரீனா?”

சொன்னாள்.

சரத் நாடாவை ஆணியிலிருந்து மூன்று விரல் அகலம் பக்கவாட்டில் நகர்த்தினார். “இப்போ?”

ஜரீனா குனிந்தாள். மறுபடியும் குனிந்து பார்த்தாள். “அதே நீளம்தான்.”

“அவ்வளவு நீளத்துல, ஒரு முனை கொஞ்சம் பக்கமா நகர்ந்தா நாடாவுக்குத் தெரியவே தெரியாது. முன்னாடியிருந்து பின்னாடிக்கு அளந்தா மட்டும் போதாது, குறுக்கேயும் அளக்கணும்.”

“பக்கத்துக் கடை ஆணிங்க எல்லாம் சிமெண்டுக்குக் கீழ போயிடுச்சு. அதனால இந்த ரெண்டு ஆணியை மட்டும் நம்பிட்டேன்.”

“பக்கத்துல கிடைக்கலைன்னா தள்ளிப் போகணும். கிடைக்கிற வரைக்கும் போகணும்.”

போனார்கள். நகைக்கடை வாசலில் ஒரு மிதியடியைத் தூக்கச் சொன்னார்கள். பூக்கடைக்காரர் முனகிக்கொண்டே வாளிகளை நகர்த்தினார். எதிர் வரிசையில், சாக்கடை மூடிக்குப் பக்கத்தில் இன்னொன்று கிடைத்தது. யாரும் தொடாத மூன்று ஆணிகள். அவற்றிலிருந்து ஜரீனா மறுபடி அளந்தாள். சரத் தன் கருவியால் தனியாக அளந்தார். இருவர் கணக்கும் ஒரே இடத்தைக் காட்டின.

அலீமின் சுவர் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. ஆணிதான் மூன்று விரல் அகலம் தள்ளி இருந்தது.

ஜரீனா பரோட்டாக் கல்லையே பார்த்தபடி நின்றாள். அடுத்த வாரம் அது இருந்திருக்காது. இடிப்பது ரகுபதியின் ஆட்களாக இருந்தாலும், இடிக்கச் சொன்னது அவள் போட்ட கோடாக இருந்திருக்கும்.

“நீங்க திரும்ப அளக்க வந்ததுக்கு ரொம்ப நன்றி, மிஸ்டர் சரத்.”

“எல்லார் வேலையிலயும்தான் சிலதை எடுத்துப் பார்க்கிறோம். அதனாலதான் ஜனங்க நம்ம கோட்டை நம்பி வீடு கட்டுறாங்க.”

அலீம் மூன்று டம்ளரில் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ரெண்டு பேரும் நல்லா இருக்கணும். சொன்னேன்ல, ரகுபதி வேலைதான். அந்த ஆளைச் சும்மா விடக்கூடாது.”

சரத் ஸ்டூலைத் தூக்கி ஓரமாக வைத்தார். ஆணி, இரண்டு டைல்களுக்கு நடுவே இருந்த இடுக்கில், கோடு பிடித்த மாதிரி நேராக நின்றது.

“அழகா இருக்கு பாய். எப்போ போட்டீங்க இந்த டைல்ஸ்?”

“போன நோன்புப் பெருநாளைக்கு...” என்று தொடங்கிய அலீம் பாதியில் நிறுத்தினார்.

ஜரீனா சரியான இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்தாள். அது பளபளத்த ஒரு டைலின் நட்டநடுவில் விழுந்தது. டைல் உடையுமே என்று தயங்கி அவரைப் பார்த்தாள்.

அலீம் உள்ளே போய்ச் சுத்தியலை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தார்.

“உடைஞ்சா உடையட்டும்லா. இந்தத் தடவை நீயே அளந்து அடிச்சிடும்மா. டைல்ஸ்காரன் தூக்கிப் போடப் போன ஆணியை, கவர்மெண்ட் சாமானாச்சேன்னு வாங்கிப் பத்திரமா வெச்சிருந்து, இடுக்குல நேரா நின்னா பார்க்க நல்லா இருக்கும்னு நான்தான் அடிச்சேன்.”