நாற்பத்திரண்டு கிலோ

"எங்கம்மாவ நிறுக்காம அரிசி போடுங்க."

கேட்கவே கூடாது என்று அம்மா சித்ரா வழியெல்லாம் சொல்லிக் கூட்டிவந்ததை, ரேஷன் கடைக்குள் நுழைந்ததுமே கேட்டுவிட்டாள் இலக்கியா.

கடைக்காரர் சிரித்தார். "டிகிரி படிச்ச புள்ள பேசுது பாரு! நாப்பத்திரண்டு கிலோவுக்கு மேல இருந்தா அரிசி கெடையாதும்மா."

"போன வருசம் நாப்பத்தஞ்சுதானே?"

"கோடீஸ்வரங்களுக்கு வரியக் கொறச்சாச்சு. அத எங்கயாச்சும் புடிக்கணும்ல?"

அதற்குள் அம்மா எடைமேடையில் ஏறிவிட்டாள். மூன்று நாளாகத் தண்ணீர் மட்டுமே குடித்த உடம்பு. நாற்பத்திரண்டு கிலோ, எண்பது கிராம். சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஒரு நிமிசம் சார்."

கம்மலைக் கழற்றி மகளிடம் கொடுத்தாள். மேடையோடு கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த கத்தரிக்கோலை எடுத்துப் பின்னலை அடியோடு வெட்டினாள். இப்போது பச்சை விளக்கு எரிந்தது.

"கெடச்சிருச்சுடி!" அம்மாவின் முகமெல்லாம் சிரிப்பு.

"அடுத்த வருசம் நாப்பது. இப்பவே சொல்லிட்டேன்," என்றார் கடைக்காரர்.

இலக்கியா குனிந்து பின்னலை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

"எங்கடி போற? கார்டையே வெட்டிருவாங்கடி!"

இனி ஒருத்தரும் அந்த மேடையில் ஏறக் கூடாது. வெளியே வரிசையில் நின்ற எண்பது பெண்களிடமும் அதைச் சொல்ல, பின்னலைக் கையில் பிடித்தபடி இலக்கியா வெளியே நடந்தாள்.