தணிந்து நின்ற வேன்

போன ஈற்றில் ஒரு குட்டியைத் தெருநாய்க்குப் பறிகொடுத்த பூனை, இந்த முறை பட்டறையில் நின்ற பழைய கேம்பர் வேனின் அடியில் மூன்று குட்டிகளோடு குடியிருந்தது. ஒருநாள் மெக்கானிக் வேனின் ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டுக் குட்டையானவற்றை மாட்டினார். வேன் நாலு விரல் தணிந்துவிட்டது.

"என்னண்ணே, கூரை தலையில இடிக்குது?" என்று வேனிடம் கேட்டது பூனை.

"அழகா இருக்கும்னு ஓனர் இறக்கச் சொன்னார், தங்கச்சி."

"இந்த வயசுல உனக்கு அழகா? என்னைக் காலிபண்ணச் சொல்ல வாய் வரல, அதான் இப்படி."

"சத்தியமா இல்ல. பதுங்கிப் படுத்துக்கோ. இது உனக்கும் நல்லது..."

"எனக்கு நல்லதுன்னு யாராவது சொன்னாலே நான் இடத்தை மாத்திடுவேன்."

பூனை குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு எதிரே நின்ற லாரிக்கு அடியில் போனது. அங்கே நிமிர்ந்தே நடக்கலாம்.

சாயங்காலம் தெருநாய் வந்தது. லாரியிலிருந்து பார்த்தால் தெரியாத மறுபக்கமாக வேனுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தது. தலை நுழைந்தது, உடம்பு நுழையவில்லை. மோப்பம் பிடித்தபடி லாரியின் பின்பக்கமாகப் போனது.

"தங்கச்சி! குட்டிகளோட இங்க ஓடி வந்துடு!" என்று வேன் கத்தியது.

"பாத்தீங்களா, இப்ப எதுக்கோ கூப்பிடுது," என்று குட்டிகளிடம் சொல்லிவிட்டு, பூனை வேனையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.