கேப்டனுக்கு வைத்த சூப்

மூன்றாவது கரண்டி உப்பையும் அவள் போட்டாள்.

பானையில் அல்ல. விருந்தாளியின் கிண்ணத்தில் மட்டும்.

கலக்கினாள். ருசி பார்க்கவில்லை. பார்க்க அவளுக்கு என்ன பைத்தியமா?

விருந்தாளி சும்மா சாப்பிட வந்தவர் இல்லை. துரைசானியைப் பெண் பார்க்க வந்தவர்.

துரை செத்துப் பதினான்கு மாதம் ஆகிறது. வர்ஜீனியாவின் அந்த ஆற்றங்கரையில் அவருடைய புகையிலைத் தோட்டம்தான் பெரியது. போகும்போது உயில் எழுதி வைத்துவிட்டுப் போனார். மனைவி விதவையாக இருக்கும்வரை வீடு அவளுக்கு. வீட்டோடு குதிரைகள், வெள்ளிக் கரண்டிகள், சமையல்காரி, சமையல்காரியின் மகள் சூக்கி. துரைசானி மறுபடி கல்யாணம் செய்துகொண்டால், அன்றைக்கே எல்லாம் மூத்த தாரத்து மகனுக்கு.

அந்தக் காலத்துத் துரைமார் பலரும் இப்படித்தான் எழுதினார்கள். செத்த பிறகும் பெண்டாட்டி மேல் ஒரு கண்.

உயிலில் இருந்த அடிமைச் சமையல்காரி அவள்தான். கரண்டிகளுக்கு அடுத்த வரியில்.

மூத்த தாரத்து மகன் சின்னதுரை, சூக்கியை விற்க இப்போதே பேசி வைத்துவிட்டான். தெற்கே கரோலினாவில் நெல் வயல் வைத்திருக்கும் ஒருவருக்கு. சூக்கிக்கு வயது பதினொன்று. சமையலறை வாசலில் நின்று அவனே அதைச் சொன்னான், ஏதோ நல்ல செய்தி போல.

அன்று முதல் சின்னதுரை ஞாயிறுதோறும் ஒரு மாப்பிள்ளையோடு வந்தான்.

"எத்தனை நாளைக்குத்தான் தனியா கிடப்பீங்க, சித்தி?" என்று உருகினான்.

அன்று முதல் அவளும் உப்பு ஜாடியைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொண்டாள்.

வந்தவர்கள் எல்லாரும் கனவான்கள். விருந்து வைத்த பெண்மணியின் எதிரில் சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டார்கள். முதல் மாப்பிள்ளை ஒரு ஜாடித் தண்ணீர் குடித்துவிட்டுக் குதிரை ஏறினார். இரண்டாமவர் மிளகு அப்பிய வாத்தைத் தின்று கண்ணீர் விட்டார். துரைசானி அதைக் காதல் என்று நினைத்து இரண்டு நாள் பூரித்துக் கிடந்தாள். மனிதர் திரும்பி வரவே இல்லை.

அப்படி நான்கு பேர்.

துரைசானி நல்லவளா கெட்டவளா என்று அவள் யோசித்ததில்லை. துரைசானி விதவையாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இன்றைக்கு வந்திருக்கும் கேப்டன் பிளங்கெட் ஐந்தாவது ஆள். வருவது மூன்றாவது தடவை. அதுதான் அவளுக்கு உதைத்தது.

சூப் வீட்டுக்குள் போனது. கிண்ணம் திரும்பி வந்தது.

வழித்துக் குடித்திருந்தார். இன்னும் வேண்டுமாம்.

கேப்டனின் குதிரைக்காரன் அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். அவள் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்தான்.

"எங்க துரைக்கு நீ சாம்பலைக் கரைச்சுக் குடுத்தாலும் குடிப்பாரு. காய்ச்சல்ல நாக்கு செத்துப் போச்சு. பத்து வருஷமாச்சு."



சமையலறை வீட்டுக்குப் பின்னால் தனிக் கட்டடம். அங்கிருந்து பார்த்தால் சாப்பாட்டு அறையின் ஜன்னல் தெரியும். துரைசானி சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது கை கேப்டனின் கைக்குள் இருந்தது. சின்னதுரை புதுச் சட்டை போட்டு வந்திருந்தான். இனிப்பு முடிந்ததும் கேப்டன் கேட்டுவிடுவார். துரைசானி சரி என்றும் சொல்லிவிடுவாள்.

அவள் உப்பு ஜாடியைத் தள்ளி வைத்தாள்.

பிறகு நல்ல வெண்ணெயை எடுத்தாள்.

பீச் பழம். பாலாடை. ஒளித்து வைத்திருந்த ஜாதிக்காய். செத்துப்போன துரையின் பிராந்தியில் பாதி. இந்த வீட்டில் யாருக்கும் அவள் இப்படி ஒரு புட்டிங் செய்ததில்லை. சூக்கியின் பிறந்தநாளுக்குச் செய்ய நினைத்திருந்தாள்.

பரிமாறும் ஆளிடமிருந்து தட்டைப் பிடுங்கிக்கொண்டு அவளே உள்ளே போனாள்.

துரைசானி இடது கையால் ஒரு வாய் வைத்தாள். கண்ணை மூடினாள். இன்னொரு வாய்.

"இந்த வீட்டைக் குடுத்துட்டு எங்கூட வந்துடுங்க," என்று கேப்டன் ஆரம்பித்தார்.

சமையல்காரி வெளியே போகவில்லை. நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றாள்.

"அங்க சமையல் யாரு துரை?"

விருந்தாளியை ஓர் அடிமை கேள்வி கேட்பதா? இதற்குச் சவுக்கடி உண்டு என்று அவளுக்குத் தெரியும். முதுகு இப்போதே எரிந்தது.

சின்னதுரை பாதி எழுந்துவிட்டான். ஆனால் கேப்டன் வெள்ளந்தி மனிதர். கேட்டதற்குப் பதில் சொன்னார்.

"சமையலா! சோளத்தைத் திங்கக்கிழமை வேகவச்சா சனிக்கிழமை வரைக்கும் வரும். தினமும் எதுக்கு அடுப்பு?"

துரைசானியின் கரண்டி பாதி வழியில் நின்றது.

"இவளையும் கூட்டிட்டு வந்துடறேன்," என்றாள்.

சின்னதுரைக்குச் சொத்து என்றால் வாய் தானாகத் திறந்துவிடும்.

"அது எப்படி சித்தி? உயில்படி இவ வீட்டோட சேர்த்தி."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

துரைசானி கேப்டனைப் பார்த்தாள். புட்டிங்கைப் பார்த்தாள். இரண்டாவதைப் பார்க்கத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள்.

பிறகு தன் வலது கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, கரண்டியை அதற்கு மாற்றினாள்.