படம் இல்லாட்டி மெத்தை இல்லை

“படுக்காட்டி மெத்தை இல்லை. அவ்வளவுதான்!”

சுந்தரலிங்கம் அங்கிளின் குரல் கொழும்பு கொட்டாஞ்சேனை மண்டபம் முழுக்கக் கேட்டது. வரிசையில் நின்ற தாய்மார் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

லவினாவுக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. கம்பஸ் படிப்பு முடித்துக் கிடைத்த முதல் வேலை. கனடாவிலிருந்து பிள்ளைகளுக்கு மெத்தை கொடுக்க வந்திருக்கும் தொண்டருக்கு உதவியாள். தொண்டர் என்றால் அடக்கமான மனிதராக இருப்பார் என்று நினைத்திருந்தாள். இவரோ சொந்தக் காசில் டிக்கெட் போட்டு வந்த கதையை வான் டிரைவர் மெல்ரோயிடம், ரோல்ஸ் விற்றவரிடம், வழியில் மறித்த டிராபிக் பொலிஸ்காரரிடம்கூடச் சொல்லி முடித்திருந்தார்.

எதிரே நின்றவள் மாளிகாவத்தை ஹமீமா. பக்கத்தில் மகள் அர்பா, பெருநாளுக்கு எடுத்த உடுப்போடு.

“நிக்க வெச்சு எடுங்க சேர். இருத்தி வெச்சு எடுங்க. பொம்புளப் புள்ளய இவ்வளவு பேருக்கு முன்னால படுக்கப் போட்டு போட்டோ எடுக்க ஏலா. நாளைக்குப் பெரிசாகிக் கொமராகப் போற புள்ள.”

“மெத்தைக்குக் காசு குடுத்த சனம், பிள்ளை அதில படுத்திருக்கிற படம்தான் கேக்குதுகள். மெத்தைக்கு மேல நிண்டு என்ன, டான்ஸே ஆடுறது?”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அர்பா தலையைக் குனிந்துகொண்டாள்.

“அங்கிள், இவவுக்கு மட்டும்...” என்று லவினா இழுத்தாள்.

“பேசாமல் இரு பிள்ளை. ஒராளுக்கு விட்டால் பின்னால நிக்கிற எல்லாரும் ஆளுக்கொரு சட்டம் கதைப்பினம். அடுத்த ஆள் வாங்கோ!”

“தரையில படுத்துத்தான் புள்ள இவ்வளவு வளந்திருக்கா. இன்னமும் வளருவா!” ஹமீமா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென வெளியேறினாள்.

லவினா பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். வேலை போனால் அப்பா தாங்கமாட்டார் என்று மனம் கணக்குப் போட்டது. அப்படிக் கணக்குப் போட்டது இன்னும் வெட்கமாக இருந்தது.

மத்தியானம் ஹோல் வெறிச்சோடியது. லவினா சோற்றுப் பார்சல் வாங்கப் போய்த் திரும்பி வந்தால், மெல்ரோய் ஒரு மெத்தையை வானின் பின்பக்கத்தில் திணித்துக்கொண்டிருந்தார். அங்கிள் இரண்டு பக்கமும் பார்த்தபடி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மிச்சமா அண்ணா?”

“அப்பிடியும் சொல்லலாம் மிஸ்.”

“கதையாமல் ஏறுங்கோ ரெண்டு பேரும்!” என்றார் அங்கிள்.

அப்படியா சங்கதி! மெத்தை வெள்ளவத்தையில் அவர் தங்கியிருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறதாக்கும். வருகிறது வரட்டும் என்று லவினா பின் சீட்டில் மடிக்கணினியைத் திறந்தாள். தலைமை அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதத் தொடங்கினாள். ஆதாரம் வேண்டுமே? கமராவைச் சொருகி அன்றைய படங்களை ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

சிரித்தபடி படுத்திருந்த பிள்ளைகள். வெட்கத்தில் கண்ணை மூடிய பிள்ளைகள். கடைசிப் படத்தில் மெத்தையின் தலைமாட்டில் ஒரு பெயர் அட்டை: அர்பா.

லவினா படத்தைப் பெரிதாக்கினாள்.

பூப்போட்ட போர்வை தலையையும் மூடி இழுத்துப் போர்த்தியிருந்தது. உள்ளே படுத்திருந்த உருவத்துக்கு நல்ல தொந்தி. போர்வை எட்டாமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களிலும் நரைமயிர்.

கண்ணாடியில் அவளைப் பார்த்த மெல்ரோய்க்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “கண்டுட்டீங்களா மிஸ்? நான்தான் எடுத்தன். ஆள் குறட்டையும் விட்டவர்.”

“வாயை மூடிக்கொண்டு மாளிகாவத்தைக்கு விடு!” அங்கிள் உறுமினார். பிறகு தலையைத் திருப்பாமலே கேட்டார்: “பிள்ளை, படமெல்லாம் அனுப்பலாமோ?”

லவினா முறைப்பாட்டை அழித்தாள்.

“அனுப்பலாம் அங்கிள். அர்பாட காலை மட்டும் கொஞ்சம் கட் பண்ணணும்.”